வெயில் வந்தால் தூங்கப் போகும் பூ: சைக்கிளமென்

பூக்கடையில் சைக்கிளமென் தொட்டிகளைப் பார்த்திருப்பீங்க. காற்றில் திருப்பிக்கொண்ட குடை மாதிரி, இதழெல்லாம் மேல்நோக்கி மடிந்திருக்கும். அவற்றின் மூதாதை, மத்தியதரைக் கடலோரக் காட்டுச்செடி.

பெயர் சைக்கிளமென் பெர்சிகம். 'பெர்சியாவைச் சேர்ந்தது' என்று பொருள். ஆனால் ஈரானில் போய்த் தேடாதீங்க, அங்கே அது இயற்கையாக வளர்வதில்லை!

லெபனான், சிரியா, இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதிகள், துருக்கி, சைப்ரஸ், துனிசியா எனப் பல இடங்களில் காணலாம். சுண்ணாம்புப் பாறை இடுக்கும் பைன், ஓக் மர நிழலும் அதற்குப் பிடித்த இடங்கள்.

அங்கே கோடையில் மழை அபூர்வம். அதனால் செடி இலைகளை உதிர்த்துவிட்டு, மண்ணுக்கடியில் கிழங்காகத் தூங்கும். மழை திரும்பியதும் இலை விடும். குளிர்காலத்திலிருந்து வசந்தம்வரை பூக்கும். ஆக, வீட்டுத் தொட்டிச்செடி சூட்டில் வாடினால் உடனே தூக்கிப் போட்டுடாதீங்க. கிழங்கு உயிரோடு இருக்கலாம்.

விதையைப் பரப்புவது யார்? எறும்புகள்! விதைமேல் உள்ள பூச்சைத் தின்னத்தான் அவை விதையையே இழுத்துச் செல்கின்றன.

அந்தக் கிழங்குதான் ஆபத்தும்கூட. தோட்டச் சந்தைக்காகத் துருக்கியில் காட்டு சைக்கிளமென் கிழங்குகளைப் பெருமளவில் தோண்டி ஏற்றுமதி செய்தார்கள். இன்று சைக்கிளமென் இனங்கள் எல்லாமே சைட்டீஸ் எனும் அனைத்துலக வணிக ஒப்பந்தத்தின்கீழ் வருகின்றன.

செயற்கையாக வளர்த்த பெர்சிகம் தொட்டி வகைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் தூங்கும் கிழங்காக விற்றால் அந்த விலக்கு கிடையாது. இலையும் பூவும் இல்லாத கிழங்கை வைத்து, எது காட்டிலிருந்து வந்தது, எது தோட்டத்தில் வளர்ந்ததுன்னு எப்படிச் சொல்வது?