நகர மையத்தில் நிலத்தடிக் கார் நிறுத்தம்: கட்டுமானச் செலவு

நகர மையங்களில் கட்டடத்துக்கு அடியிலோ, பூங்கா, சதுக்கம் போன்ற பொது இடங்களுக்கு அடியிலோ மண்ணைத் தோண்டிக் கட்டப்படுவது நிலத்தடிக் கார் நிறுத்தம். மனை விலை ஏறிய இடத்தில் தரையில் காரை நிறுத்தி வைப்பது கட்டுபடியாகாது என்பதால்தான் கார்கள் மண்ணுக்குக் கீழே போயின. அமெரிக்காவில் இதற்குத் தொடக்க கால முன்னுதாரணம் சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கம். அதன் அடியில் 1942-இல் நிறுத்தகம் திறக்கப்பட்டது. மேலே சதுக்கம் சதுக்கமாகவே இருந்தது. இன்று டவுன்டவுன் கட்டடங்களில் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் பணத்தை அதிகம் விழுங்கும் பகுதிகளில் ஒன்று இதுவே. இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பது அமெரிக்க நகரத் திட்டமிடலில் நெடுங்கால விவாதம்.

செலவு எங்கிருந்து வருகிறது

ஒரு கார் நிற்க ஏறக்குறைய 14 சதுர மீட்டர் போதும். ஆனால் கார் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும், திரும்ப வேண்டும், வெளியேற வேண்டும். ஓடுபாதை, சரிவுப் பாதை, தூண்கள், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு காருக்கு 30 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. இரண்டு காருக்கான இடத்தில் 650 சதுர அடி வீடு ஒன்று அடங்கும்.

மண்ணைத் தோண்டுவது வேலையின் தொடக்கம் மட்டுமே. நகர மையத்தில் மனையை ஒட்டியே சாலையும் பக்கத்துக் கட்டடமும் இருக்கும். குழியின் பக்கங்களைச் சாய்வாக வெட்ட இடமிருக்காது. எனவே தோண்டுவதற்கு முன்பே மனையைச் சுற்றி காங்கிரீட் சுவரை ஆழமாக இறக்க வேண்டும், அல்லது பைல்களை நெருக்கமாக நட்டு அவற்றுக்குத் தாங்கு கொடுக்க வேண்டும். வெட்டிய மண்ணை லாரி லாரியாக ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பழைய பெட்ரோல் நிலையமோ பட்டறையோ இருந்த மனையாக இருந்து, மண்ணில் எண்ணெய் கலந்திருந்தால் அதைத் தனியாக அகற்றும் செலவும் சேரும்.

பிறகு தண்ணீர். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே 10 மீட்டர் இறங்கினால், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் 10 டன் விசையுடன் மேல்நோக்கித் தள்ளும். கட்டி முடித்த பின் மேலே உள்ள மாடிகளின் எடை அதைச் சமாளித்துவிடும். கட்டுகிற காலத்தில் அந்த எடை இல்லை. ஆகவே பம்புகள் இரவு பகலாக ஓடி நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்க வேண்டும், அல்லது தளத்தைப் பாறையோடு நங்கூரமிட்டுப் பிடிக்க வேண்டும். கசியாமல் இருக்க வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டும். அதில் பிசகினால் பிற்பாடு சரிசெய்வது மிகக் கடினம், ஏனென்றால் சுவரின் மறுபக்கம் மண்.

கார்ப் புகையை வெளியேற்ற மின்விசிறிகள், கார்பன் மோனாக்சைடு உணரிகள், தீயணைப்புத் தெளிப்பான்கள், எந்நேரமும் எரியும் விளக்குகள் ஆகியவையும் வேண்டும். திறந்த தரையில் இவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை.

சிறிய மனைகளில் நிலைமை இன்னும் மோசம். ஒரு தளம் இறங்க 3 மீட்டர் என்று வைத்து, 8-க்கு 1 சரிவு கொடுத்தால் சரிவுப் பாதையின் நீளம் 24 மீட்டர். முட்டாமல் இறங்க இரு முனைகளிலும் இன்னும் கொஞ்சம். அரை கிரவுண்டு மனையோ ஒரு கிரவுண்டு மனையோ இதற்குப் போதாது. கார் திரும்ப ஏற்ற தூண் இடைவெளியும் மேலே வீடுகளுக்கு வேண்டிய தூண் இடைவெளியும் ஒத்துப்போவதில்லை. இரண்டையும் இணைக்கக் கனத்த பீம்கள் போட வேண்டியிருக்கும். ஆழம் கூடக்கூட ஒவ்வொரு தளமும் முந்தையதைவிட அதிகம் பிடிக்கும். கடைசித் தளத்துக் கார்தான் மிக விலையுயர்ந்த கார். இத்தனைக்கும் மேல், குழி வேலை முடியும்வரை வழக்கமான முறையில் மேலே ஒரு மாடியும் எழும்பாது. அதுவரை மனைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் 12 நகரங்களை எடுத்துக்கொண்டு 2012-ஆம் ஆண்டு விலையில் கணக்கிட்டபோது, நிலத்தடியில் ஒரு கார் இடத்துக்குச் சராசரியாக 34,000 டாலரும், தரைக்கு மேல் அடுக்கு நிறுத்தகத்தில் 24,000 டாலரும் ஆயின. மனை விலை இதில் சேராது.

சட்டம் கேட்ட எண்ணிக்கை

செலவு இவ்வளவு என்றால் பில்டர்கள் குறைவாகக் கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். சட்டம் விடவில்லை. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1923-இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கார் இடம் கட்டாயம் என்றது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ 1939-இல் ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அப்படியே சொன்னது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏறத்தாழ எல்லா நகரங்களும் இந்த வழியைப் பின்பற்றின. ஓக்லாந்து நகரம் 1961-இல் வீட்டுக்கு ஒரு கார் இடம் என்று விதித்ததும், அங்கே ஒரு வீட்டின் கட்டுமானச் செலவு 18 சதவீதம் ஏறியது. ஒரே அளவு நிலத்தில் கட்டப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை 30 சதவீதம் குறைந்தது.

இந்த விதிகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். இலவச கார் நிறுத்தத்தின் உண்மை விலையைப் பற்றி அவர் 2005-இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூலாகிவிட்டது. அவர் 2025-இல் காலமானார்.

டிஸ்னி இசையரங்கம்

அவர் அடிக்கடி எடுத்துக்காட்டியது லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனில் உள்ள வால்ட் டிஸ்னி இசையரங்கம். வால்ட் டிஸ்னியின் மனைவி லில்லியன் டிஸ்னி 1987-இல் இந்த அரங்கத்துக்காக 5 கோடி டாலர் கொடுத்தார். அரங்கத்தைக் கட்டுமுன் அதன் அடியில் ஆறு தளங்களில் 2,188 கார்களுக்கான நிறுத்தகத்தை மாவட்ட நிர்வாகம் கடன் பத்திரம் விற்றுக் கட்டியது. செலவு 11 கோடி டாலர். ஒரு காருக்குச் சுமார் 50,000 டாலர். அரங்கத்துக்கு வந்த கொடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கார்களுக்கே போயிற்று.

நிறுத்தகம் 1996-இல் தயாரானது. அதன் மேலே அரங்கம் எழுப்பப் பணமில்லை. ஃபிராங்க் கெரி வடிவமைத்த அரங்கம் 2003-இல்தான் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரித்தது. கடனைக் கட்ட நிறுத்தக வருமானம் வேண்டும் என்பதற்காக, குளிர்காலப் பருவம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 128 கச்சேரிகள் நடத்த வேண்டும் என்று குத்தகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. கார் நிறுத்தம் இசைக்கு உதவ வந்தது. கடைசியில் எத்தனை கச்சேரி என்பதை அதுவே முடிவு செய்தது.

கேட்க வருபவர் காரை அடியில் நிறுத்தி, நகரும் படிக்கட்டில் ஏறி நேராக அரங்கத்தின் முகப்புக் கூடத்துக்கு வந்துவிடலாம். முடிந்ததும் அதே வழியில் இறங்கிப் போய்விடலாம். தெருவில் கால் வைக்கத் தேவையில்லை. சான் பிரான்சிஸ்கோவின் டேவிஸ் சிம்பொனி அரங்கம் 1980-இல் தனக்கென நிறுத்தகம் இல்லாமலே திறந்தது. அங்கே கச்சேரி விட்டதும் கூட்டம் தெருவுக்கு வருகிறது, உணவகங்களுக்கும் கடைகளுக்கும் போகிறது. நகர மையம் என்பது நடப்பவர்களால் உயிர்பெறும் இடம் என்றால், இவ்விரண்டில் எது நகரத்துக்கு நல்லது என்பதில் ஐயமில்லை.

யார் கொடுக்கிறார்கள்

50,000 டாலர் இடத்தை 6 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனில் கட்டினால், அசலும் வட்டியுமாக மாதத் தவணை ஏறக்குறைய 300 டாலர். பராமரிப்பு இதற்கு மேல். அந்த 300 டாலரைக் கார் வைத்திருப்பவரிடம் கேட்டால் பலர் வேண்டாம் என்பார்கள். அதனால் வீட்டு வாடகையிலும் கடை வாடகையிலும் பொருள் விலையிலும் கரைத்துவிடுகிறார்கள். பேருந்தில் வேலைக்குப் போகிற, சொந்தக் கார் இல்லாத குடும்பமும் இதைச் சேர்த்தே கொடுக்கிறது. குறைந்த வருமானக்காரர்களிடம்தான் கார் குறைவு என்பதால் இந்த ஏற்பாடு அநியாயமானது.

நிலத்தடி நிறுத்தமே வீண் என்று இதற்குப் பொருளில்லை. பாஸ்டன் நகரின் போஸ்ட் ஆபீஸ் சதுக்கத்தில் 1954-இல் எழும்பிய அழகற்ற அடுக்கு நிறுத்தகத்தை 1988-இல் இடித்தார்கள். அங்கே ஏழு தளங்கள் ஆழத்துக்கு 1,400 கார்கள் நிற்கும் நிறுத்தகம் கட்டி, மேலே பூங்கா அமைத்தார்கள். செலவு அதிகம்தான். ஆனால் நிறுத்துகிறவர்கள் கட்டும் கட்டணத்தில் அது நடக்கிறது, பூங்காவோ எல்லாருக்கும் கிடைத்தது.

விதிகள் தளர்ந்த பின்

லாஸ் ஏஞ்சலஸ் 1999-இல் டவுன்டவுனில் காலியாகக் கிடந்த பழைய அலுவலகக் கட்டடங்களை வீடுகளாக மாற்றுவோருக்குப் புதிய கார் இடம் தேவையில்லை என்று சலுகை கொடுத்தது. அடுத்த பத்தாண்டுக்குள் சுமார் 7,000 வீடுகள் வந்தன. அவற்றை வாங்கியவர்களில் பலருக்குக் கார் இருந்தது. பில்டர்கள் பக்கத்து நிறுத்தகங்களில் இடம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். புதிதாகத் தோண்டுவதைவிட அது மலிவு.

பஃபலோ 2017-இலும், மினியாபொலிஸ் 2021-இலும், சான் ஹோசே 2022-இலும், ஆஸ்டின் 2023-இலும் நகரம் முழுவதற்குமான கட்டாய எண்ணிக்கையை நீக்கின. பெரிய பொதுப் போக்குவரத்து நிலையத்திலிருந்து அரை மைலுக்குள் வரும் பெரும்பாலான கட்டடங்களுக்கு அந்தக் கட்டாயத்தைக் கலிபோர்னியா 2023 ஜனவரியில் எடுத்துவிட்டது. ஆனாலும் கடன் கொடுக்கும் வங்கிகளும் முதலீட்டாளர்களும் கார் இடம் கேட்கும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. கட்டிவிட்ட தளங்களை வேறெதற்கும் மாற்றுவதும் எளிதல்ல. வெளிச்சமில்லை, கூரை தாழ்வு, தரை சரிவு. தரைக்கு மேல் உள்ள நிறுத்தகத்தை ஒருநாள் அலுவலகமாக்கலாம். பூமிக்குள் போட்ட பணத்துக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

கலிபோர்னியாவின் பத்து மாவட்டங்களில், 2025 ஜனவரி முதல் குடிபுக அனுமதி பெறும், 16 வீடுகளுக்குக் குறையாத புதிய வாடகைக் குடியிருப்புகளில் கார் இடத்துக்குத் தனி வாடகை வைக்க வேண்டும். வீட்டு வாடகையோடு சேர்க்கக் கூடாது என்பது சட்டம்.