மூன்று லிட்டர் கார்கள் இரண்டு

போருக்குப் பின் மீண்டெழுந்துகொண்டிருந்த ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல் காரும், ஜப்பானியத் தொழில்துறை செழிப்பின் உச்சத்தில் இருந்தபோது உருவான ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை எனினும், இரண்டிலும் இருந்தது மூன்று லிட்டர் கொள்ளளவு கொண்ட ஆறு சிலிண்டர் என்ஜினே. இரண்டும் முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்ததும் பிறந்த நாட்டில் அன்று, பணம் படைத்த வாடிக்கையாளர்கள் நிறைந்த அமெரிக்காவில், முன்னது 1954 பிப்ரவரியில் நியூயார்க்கிலும் பின்னது 1989 பிப்ரவரியில் சிகாகோவிலும்தான்.

300 எஸ்எல், 1952இல் லெ மான் பந்தயத்தை வென்ற காரின் வழிவந்தது. அதைச் சாலைக்கு ஏற்ற வடிவில் விற்கலாம் என்று நிறுவனத்தை வற்புறுத்தியவர் நியூயார்க் இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மன். பொறியாளர் ருடால்ஃப் உலன்ஹவுட் அதற்கு மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்த சட்டகத்தை அமைத்திருந்தார். எடை குறைந்தும் உறுதி குன்றாத அச்சட்டகத்தின் பக்கங்கள் உயரமாக இருந்தமையால் வழக்கமான கதவுக்கு இடமில்லாமல் போக, கடற்பறவையின் சிறகுபோல் கூரையிலிருந்து மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் பொருத்தப்பட்டன. உலகம் வியந்த அந்த அழகு உண்மையில் வேறு வழியின்றிப் பிறந்தது. கண்ணாடிகளைக் கீழிறக்க முடியாததால் கோடையில் உள்ளே புழுக்கம் மிகுந்தது. கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை, போர்க்கால விமான என்ஜின்களில் தேர்ச்சி பெற்றுப் பின் இந்தக் காருக்கு வந்தது. ஆயினும் என்ஜினை அணைத்த பிறகும் பம்ப் சிறிது நேரம் பெட்ரோலைச் செலுத்தியதால் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு, எண்ணெயும் நீர்த்துப்போனது. வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரங்கள் சாய்ந்து, வண்டி வழுக்கிச் சுழலும் ஆபத்தும் இருந்தது. 1957 வரை 1,400 கார்களே இவ்வடிவில் தயாரிக்கப்பட்டன. அவற்றை வாங்கியோர் பந்தயக் காரின் பெருமையோடு அதன் தொல்லைகளுக்கும் சேர்த்தே விலை கொடுத்தனர் எனலாம்.

ஷிகேரு உவெஹாராவின் தலைமையில் உருவாகி 1990இல் விற்பனைக்கு வந்த என்எஸ்எக்ஸ், இத்தொல்லைகள் தவிர்க்க இயலாதவை என்ற எண்ணத்தையே மறுத்தது. தனிச் சட்டகமின்றி உடற்கூடே சுமையைத் தாங்கும் ‘மோனோகாக்’ அமைப்பு அதில் முழுக்க அலுமினியத்தால் ஆனது. பெருமளவில் உற்பத்தியான கார்களில் இது முதல் முயற்சி. இருக்கைகளுக்குப் பின்னால் வைக்கப்பட்ட என்ஜினில், பிஸ்டனைக் கிராங்க் தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடுகள் டைட்டானியத்தால் செய்யப்பட்டிருந்தமையால், அது நிமிடத்துக்கு 8,000 சுழற்சிகளைத் தாங்கியது. எஃப்-16 போர்விமானத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஓட்டுநருக்கு நாற்புறமும் தடையின்றித் தெரியுமாறு முன்னறை அமைக்கப்பட்டது. ஜப்பானின் சுசுகா பந்தயக் களத்தில் சோதனைக் காரை ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் அயர்டன் சென்னா அதன் உறுதி போதாது என்றதும், பொறியாளர்கள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் சோதித்து உடற்கூட்டை வலுப்படுத்தினர்.

இவ்வளவு எளிதாக ஓட்ட முடிகிற காரில் சிலிர்ப்பு ஏது என்று குறைகூறியோரும் இருந்தனர். இடர்ப்பாட்டையே உயர்வின் அடையாளமாகக் கொண்ட பழைய மனப்பாங்கின் எச்சம் அது. 1992இல் வெளிவந்த மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் மரே, அதன் ஓட்டத்தன்மைக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது ஃபெராரியை அன்று, இந்த ஹோண்டாவைத்தான்.