குருத்தோலையும் வாளும்



குருத்தோலை ஞாயிறு வந்தாலே எனக்கு ரபி அகிபா என்ற யூத ஆசிரியர் நினைவுக்கு வருவார். கி.பி. 132இல் யூதேயாவில் சீமோன் என்பவர் ரோமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். வேதத்தைக் கரைத்துக் குடித்த அகிபா அவரையே மேசியா என்று ஏற்றார். 'பார் கோக்பா', அதாவது 'நட்சத்திரத்தின் மகன்' என்ற பெயர் சீமோனுக்கு நிலைத்தது. இன்னொரு ரபி அதை மறுத்தார் என்கிறது யூத மரபு. இயேசுவை மறுதலிக்காத கிறிஸ்தவர்களைச் சீமோன் தண்டித்ததாக, அக்காலத்தில் வாழ்ந்த ஜஸ்டின் எழுதியிருக்கிறார். 135இல் பெத்தார் கோட்டை விழுந்தது, சீமோன் மாண்டார். எருசலேமுக்குள் நுழையவே யூதருக்குத் தடை வந்தது.

அகிபாவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆலயம் இடிந்து 62 ஆண்டுகள் ஆகியும் ஆறாத காயம் அது. அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன், கழுதைமேல் வந்தவரை ஓசன்னா பாடி வரவேற்றவர்களில் பலரும் ரோமரை விரட்டும் அரசனைத்தானே எதிர்பார்த்தார்கள்?

மேசியாவை ஏற்பதும் மறுப்பதும் படிப்பால் மட்டும் நடப்பதில்லை. நம் ஆசையும் கூடவே தீர்ப்பெழுதுகிறது. நான் ஏற்றிருப்பது இயேசுவையா, என் விருப்பத்துக்கு இயேசு என்று பேர் வைத்திருக்கிறேனா? இந்த வாரம் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளே.