சீகிரியாவின் மலரும் மணமும்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியிலே, சூழ்ந்துள்ள சமவெளிக்கு மேல் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் சீகிரியாக் குன்றைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொலையிலிருந்தே தொடங்குவர். தந்தையாகிய தாதுசேனனைக் கொன்று காசியப்பன் அரசு கொண்டதும், தம்பி மொகல்லானன் இந்தியாவுக்கு ஓடியதும், பின் படையொடு மீண்டதும், போர்க்களத்திலே காசியப்பன் தன் கழுத்தைத் தானே அரிந்து மாண்டதும் சூளவம்சம் கூறும் கதை. அவன் ஆட்சி கி. பி. 477 முதல் 495 வரையென்பது பலர் கொண்ட கணக்கு. அக்கதை மாணவர் நன்கறிந்ததாதலின் ஈண்டு விரித்தல் வேண்டா. குன்றின் மேற்குப் புறத்தே தீட்டப்பட்டுள்ள பெண்களின் கைகளில் இருப்பவை எவை என்னும் சிறு வினாவே இக்கட்டுரைக்குப் பொருள்.

அவை பூக்கள். இன்று எஞ்சி நிற்கும் இருபத்திரண்டளவான உருவங்களுள் ஒருத்தி தாமரையை விரலிடையே ஏந்துகின்றாள். வேறொருத்தி நீலோற்பலம் பற்றியிருக்கின்றாள். பொன்னிறத் தலைவியின் பின்னே கருநிறத் தோழி பூத்தட்டுடன் நிற்கின்றாள். பூவின்றி நிற்பவரைத் தேடியே காணவேண்டும். தொல்பொருட்பகுதியின் முதல் ஆணையாளராகிய பெல் என்பார் இவரைப் பிதுரங்கல விகாரைக்குப் பூசைக்குச் செல்லும் அரண்மனை மகளிர் என்றார். இடைக்குக் கீழ் முகில் மறைத்தலின் இவர் வானுறை அரம்பையரே என்பது ஆனந்த குமாரசுவாமி கருத்து. காசியப்பன் தன்னைக் குபேரனாகக் கருதி அளகாபுரி சமைத்தான், ஆகவே இவர் மின்னலும் முகிலும் பெண்ணுருக் கொண்டவர் என்றார் பரணவிதான. மூவரும் பேரறிஞர். எனினும், மகளிர் மண்ணுலகத்தவராயினும் விண்ணுலகத்தவராயினும், ஓவியன் அவர்க்குக் கொடுத்த பூ அவன் கண்ட பொய்கையிற் பூத்ததேயன்றி வேறன்று என்பதை மூன்று கொள்கைகளும் மறுக்கமாட்டா. இவ்வகையிற் பூவே நமக்கு உறுதியான சான்று.

சான்றாயின் அதனைச் சரியாகப் படித்தல் வேண்டும். அவ்வோவியங்களில் உள்ள ஐயிதழ்ப் பூக்களை அரலிய என்று காட்டுவோர் உளர். தமிழில் அம்மரத்துக்கு ஈழத்தலரி என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் அது ஈழத்தின் தொன்மரமென்று நம்பத் தோன்றும். ஆனால் அது நடு அமெரிக்காவின் மரம். கொலம்பசு 1492இல் அட்லாந்திக்கைக் கடந்த பின்னரன்றிக் கீழ்த்திசைக்கு வந்திருக்க வழியில்லை. இன்று விகாரை முற்றத்திலும் கோயில் வீதியிலும் அது சொரிந்து கிடப்பது கொண்டு, ஐந்தாம் நூற்றாண்டுப் பெண்ணின் கையில் அதனை வைத்தல் தகாது. ஊர்ப் பெயரைத் தாங்கிய பொருளெல்லாம் ஊருக்குரியதன்று என்பதை மாணவர் இவ்வொரு மரத்தைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். காசியப்பன் காலத்து ஓவியன் அறிந்திருக்கக்கூடிய மணமலர்கள் சண்பகம், நாகம், தாமரை, ஆம்பல், மல்லிகை முதலியன. இவற்றுள் நாகமரம் 1986ஆம் ஆண்டிலே இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. தம்புள்ளைக்கு வடக்கேயுள்ள நாமல் உயன என்னும் நாகமரக் காட்டினைக் கண்டோர், வெள்ளிதழும் பொற்கேசரமும் கொண்ட அப்பூவின் அழகையும் மணத்தையும் அறிவர்.

காசியப்பன் பூவிலும் சோலையிலும் நாட்டமுடையவன் என்பதற்குக் குன்றடிவாரமே போதும். நீர்ச்சோலை, பாறைச்சோலை, படிச்சோலை என மூவகைச் சோலைகள் அங்கே உள்ளன. துளையிட்ட சுண்ணக்கற் பலகைகளின் வழியே நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழும் ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பாய்கின்றன. நகர வாயில்களில் அவன் பூங்காக்கள் அமைத்ததையும் தீவெங்கும் மாஞ்சோலைகள் நட்டதையும் சூளவம்சம் குறிக்கின்றது. நிய்யந்தி என்னும் சோலையில் ஒரு விகாரையெடுத்துத் தன் பெயரையும் தன் புதல்வியரிருவர் பெயரையும் அதற்கு இட்டான் என்றும் கூறுகின்றது. அப்புதல்வியருள் ஒருத்தி பெயர் உப்பலவண்ணா, அதாவது நீலோற்பல நிறத்தாள். புத்தர்பிரானின் மாணாக்கியருள் சிறந்த பிக்குணி ஒருவர்க்கும் அப்பெயர் உண்டாதலின், இதனைக் கொண்டு அரசனின் மலர்க்காதலை அளவுக்கு மிஞ்சி உரைத்தல் முறையன்று. ஆயினும் சுவரில் ஒரு நீலநிறப் பெண், அவள் அருகே நீலோற்பலம், அரண்மனையில் ஒரு நீலோற்பல வண்ணத்தாள்: மூன்றையும் ஒருங்கே எண்ணாதிருத்தல் அரிது.

இனி மணத்துக்கு வருவோம். கல்லும் வண்ணமும் ஆயிரத்தைந்நூறு ஆண்டு நிற்கும். மணம் ஒரு நாளும் நில்லாது. ஆதலின் வரலாற்றாசிரியன் மணத்தை நூல்களிலேயே தேடவேண்டியவனாகின்றான். காசியப்பனுக்குச் சற்றுப் பின், ஆறாம் நூற்றாண்டில், உச்சயினியில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத்சங்கிதையில் கந்தயுக்தி என ஓர் அத்தியாயத்தையே நறுமணக் கூட்டுக்கு ஒதுக்கினார். பதினாறு பொருள்களிலிருந்து நந்நான்காகத் தெரிந்து கூட்டினால் 1820 வகை மணங்கள் பிறக்கும் என்பது அவர் கணக்கு. நம் கணித மாணவர் 16, 15, 14, 13 என்பவற்றைப் பெருக்கி 24ஆற் பிரித்து அதனைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதனினும் வியப்பானது வேறொன்று. மஞ்சிட்டி, கோட்டம் முதலிய சரக்குகளின் பொடியை எண்ணெயிலிட்டு ஞாயிற்றின் வெயிலில் காய்ச்சினால் அவ்வெண்ணெய் சண்பகம் மணக்கும் என்கிறார். அதிலே சண்பகப்பூ ஒன்றேனும் சேரவில்லை! பூவை முகர்ந்தவன் அம்மணத்தைப் பூவின்றியே படைக்க முயன்ற முயற்சி அது. ஐரோப்பாவில் வயலற் என்னும் ஊதாப்பூவின் மணத்தை ஒத்த அயனோன் என்னும் பொருளைத் தீமன் என்ற செருமானிய வேதியியலறிஞர் ஆய்கூடத்தில் ஆக்கியது 1893இல்தான். இன்று கடைகளில் மல்லிகை என்றும் தாமரை என்றும் பெயரொட்டி விற்கும் வாசனைத் திரவங்களுட் பல இவ்வழியின் வழிவந்தனவே. விலைகுறைந்த புட்டியொன்றில் மெய்யான தாமரையைத் தேடுவோர் ஏமாறுவர்.

பூவிலிருந்தே மணம் வாங்கும் வழியும் நம்மவர் அறிந்ததே. மல்லிகையினப் பூக்கள் கொய்த பின்னும் பல மணிநேரம் புதுமணம் பிறப்பிப்பன. ஆகவே எள்ளைப் பரப்பி, அதன்மேற் பூவைப் பரப்பி, வாடிய பூவை நீக்கிப் புதுப்பூவிட்டு, எள் மணமேறிய பின் ஆட்டி நெய்யெடுப்பது வட இந்தியாவின் நெடுநாள் வழக்கம். பிரான்சின் கிராசு நகரத்தார் எள்ளுக்குப் பதிலாகக் குளிர்ந்த கொழுப்பைக் கொண்டனர். தத்துவம் ஒன்றே: நெய்ப்பொருள் மணத்தைப் பற்றும்.

தமிழ் நூல்களோ மணத்தை விளக்கொடு சேர்த்தே பேசுவன. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் மகளிர், முகில் மூடிய கூதிர்நாளில், தட்டில் இட்ட பிச்சியரும்பு அவிழ்ந்து மணப்பதைக் கொண்டே மாலை வந்ததென அறிந்து இரும்பு விளக்கிலே திரி கொளுத்துவர். கடிகாரம் இல்லாத இல்லத்துக்குப் பூவே கடிகாரம். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலோ மாதவியின் கூந்தல் பத்து வகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரிலே நீராட்டப்பெற்றுப் பின் புகையூட்டப்படுகின்றது. இலங்கையிலும் இவ்வாறே மணப்பொருள் பெரிதும் வழங்கிற்று. பாதிகாபய மன்னன் அனுராதபுரத்து மகாதூபத்தை நான்கு விரற்கனம் நறுஞ்சாந்தால் மெழுகி, அதிலே பூக்களைக் காம்பால் நட்டு நிறைத்தான் என மகாவம்சம் கூறும். ஒரு தூபத்தையே பூந்தோட்டமாக்கிய செயல் அது.

மணமூட்டிய மெழுகுவர்த்தி இம்மரபில் மிகப் பின்வந்தது. நம் நாட்டு விளக்கு நெய்விளக்கு. இலுப்பை நெய்யின் மணமே கோயிலின் மணமாயிருந்த காலம் உண்டு. மேலைநாட்டில் செவ்ரூலும் கேலூசாக்கும் 1825இல் கொழுப்பமிலத்தால் வர்த்தி செய்ய உரிமை பெற்றனர். பின்னர் பரபின் மெழுகு வந்தது. சுடரின் அடியில் உருகித் தேங்கும் மெழுகிலிருந்தே மணம் ஆவியாகின்றது. இதனால் எரியும் வர்த்தியிலும் அணைந்த வர்த்தியிலும் மணம் வேறுபடும். மெழுகிற் சேர்க்கும் வாசனை மிகினும் சுடர் புகையும். குறையினும் மணம் எழாது. இலங்கை இதற்குத் தந்தது பூவன்று, புல்: தென்மாகாணத்துச் சிட்ரொனெல்லாப் புல்லின் எண்ணெய். நுளம்பை ஓட்ட ஏற்றும் வர்த்திகளில் இன்றும் அதுவே மணக்கிறது.

சீகிரியாவின் மலர்மகளிர் நமக்கு எஞ்சியதே அரும்பேறு. 1967 ஒக்டோபரிலே சிலர் அவ்வுருவங்கள் மீது பச்சைச் சாயம் பூசிச் சிதைத்தனர். இத்தாலிய அறிஞர் லூசியானோ மரன்சி அவற்றைச் செப்பனிட்டார். அவர்க்கு முன் பல நூற்றாண்டாக அவற்றைக் கண்டவர்களோ பளிங்குச் சுவரிலே தம் வியப்பைப் பாட்டாகக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாக்களைப் பரணவிதான படித்து 1956இல் வெளியிட்டார். பாடினோருள் துறவியரும் போர்வீரரும் மகளிரும் உளர். அவருள் ஒருவர் பொன்னிறத்தாளையும் நீலநிறத்தாளையும் ஒன்றோடொன்று பின்னிய பீர்க்கம்பூவுக்கும் காக்கணம்பூவுக்கும் ஒப்பிடுகின்றார். தாமரையும் சண்பகமும் அவர் நாட்டிலே நிறைந்திருந்தன. ஆயினும் மணத்துக்குப் பேர்பெறாத இரு வேலிக்கொடிப் பூக்களையே அவர் தெரிந்தெடுத்தார். அவர் கண்டது வண்ணத்தை மட்டுமே.