பத்தியமும் காய்ச்சலும்: வைரசு நோயின் கடுமையில் உணவின் பங்கு

2009இல் ஜெயபுரம் உட்பட வன்னிப் பெருநிலத்து மக்கள் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தபோது கொப்புளிப்பானும் செங்கமாரியும் பரவின. மாதக்கணக்கில் அரைவயிற்றுக் கஞ்சியில் கிடந்த உடல்கள் தாக்குப்பிடிக்கவில்லை என்று காரணம் சொல்லிவிடலாம். ஆனால் அதே கூடாரங்களில் நெருக்கமும் இருந்தது. கினி-பிசாவ் தலைநகரில் சின்னமுத்து கண்ட பிள்ளைகளை ஆராய்ந்த பீற்றர் ஆபி, நோய்க்கு முந்திய எடை சாவைத் தீர்மானிக்கவில்லை என்றார். வீட்டில் ஒருவருக்கு வந்தபின் அவரிடமிருந்து தொற்றிய பிள்ளைகளே கூடுதலாக இறந்தார்கள். முகாம் அனுபவத்தை மட்டும் வைத்து உணவைக் குற்றவாளியாக்க முடியாது.

பசியையும் நெருக்கத்தையும் பிரித்துப் பார்க்கப் பரிசோதனை வேண்டும். அப்படியொன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடந்தது. லக்ஷ்மி ரஹ்மத்துல்லா குழுவினர் 6 மாதம் முதல் 5 வயது வரையான 15,419 பிள்ளைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு ஓராண்டு காலம் வாரந்தோறும் 8,333 அலகு விற்றமின் ஏ வீட்டுக்கே சென்று கொடுக்கப்பட்டது. இது பெரிய மருந்தளவன்று. ஒரு பிள்ளை வாரம் முழுவதும் உணவிலிருந்தே பெறக்கூடிய அளவு. 1990இல் வெளியான முடிவின்படி அப்பிரிவில் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. அதைவிட முக்கியமானது அதே ஆய்வின் அடுத்த கட்டுரை: வயிற்றோட்டமும் சுவாசத் தொற்றும் வரும் தடவைகள் குறையவில்லை. வருத்தம் வந்தது, ஆனால் கொல்வது குறைந்தது. ஹைதராபாத்தில் ஆறு மாதத்துக்கொருமுறை பெருமளவு கொடுத்த ஆய்வில் இந்தப் பலன் தெரியவில்லை. சிறிதாகவும் தொடர்ந்தும் கிடைப்பது கூடுதலாக உதவலாம் என்று நான் வாசிக்கிறேன். கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணிக்கு 2020இல் கூட்டம் அலைமோதியதும், அதைப் பகிரங்கமாகக் குடித்த சுகாதார அமைச்சர் அடுத்த மாதமே கொரோனாவுக்கு ஆளானதும் தொற்றைத் தடுப்பதற்கும் அதன் கடுமையைக் குறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியாததன் விளைவு.

நமது பத்தியத்தை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அம்மாள் வருத்தம் என்றதும் தாளிதம் நிற்கும், மீன், முட்டை, எண்ணெய் விலக்கு, பிள்ளைக்கு வெறுங்கஞ்சி. சின்னமுத்துக் காலத்தில் இரத்தத்திலுள்ள விற்றமின் ஏ சரியும். வேலியோரத்து முருங்கையிலையில் அதற்கான கரோட்டின் உண்டு. ஆனால் அது உடலில் சேர எண்ணெய்ப்பசை வேண்டும். தேங்காய்ப்பூ போட்ட வறையாக இறங்கும் இலைக்கும் கஞ்சியில் அவிந்த இலைக்கும் பலன் ஒன்றல்ல. வேப்பிலை கட்டி நோயாளியைத் தனிமைப்படுத்தும் வழக்கம் ஆபியின் கண்டுபிடிப்போடு ஒத்துப்போகிறது. எண்ணெய் விலக்கு ஒத்துப்போகவில்லை. 2019இல் இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட சின்னமுத்து 2023இல் திரும்பிவிட்டதால் இது பழங்கதையுமன்று.

அதற்காக, நன்றாகத் தின்றால் எந்த வைரசும் இளகும் என்று கொள்ளக் கூடாது. டெங்கு அதற்கு நேர்மாறு. கடுமையான டெங்குக்கு ஆளான பிள்ளைகளிடையே ஊட்டக்குறைவானவர்கள் குறைவாக இருந்ததைத் தாய்லாந்து மருத்துவர்கள் 1993இல் பதிவு செய்தனர். உடல் பருத்த பிள்ளைகளுக்கு ஆபத்துக் கூடுதல் என்பதைப் பின்வந்த தொகுப்பாய்வுகள் காட்டின. இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியச் செய்வதில் உடலின் சொந்த எதிர்வினைக்கும் பங்கிருப்பதால், வலுவான எதிர்வினையே இங்கு வினையாகலாம். 2017இல் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டபோது பப்பாசி இலைச்சாற்றைத் தேடி அலைந்தவர்கள், பிள்ளை எவ்வளவு நீராகாரம் குடித்தது, எத்தனை தரம் சலம் போனது என்று கணக்கு வைத்திருந்தால் வைத்தியருக்கு உதவியிருக்கும்.

ஜெயபுரம் போன்ற ஊரில் நோயின் கடுமையில் உணவின் பங்கை ஆராயப் பெரும் பணம் வேண்டாம். வருத்தத்துக்கு முந்திய எடை, குடும்பநல உத்தியோகத்தர் நிரப்பும் வளர்ச்சிப் பதிவேட்டில் இருக்கிறது. அதனோடு வைத்தியசாலைப் பதிவையும், வீட்டில் எத்தனை பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள் என்ற விபரத்தையும், காய்ச்சல் நாட்களில் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள், எதை விலக்கினார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். கடைசிக் கேள்வியைத் தாயிடம் மட்டுமன்றி, பத்தியத்தை வகுக்கும் அம்மம்மாவிடமும் கேட்க வேண்டும்.