ஹாம்சாட்: இரண்டு ஆண்டுக்குச் செய்தது, ஒன்பது ஆண்டு பேசியது

2005 மே 5. ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து முதல் ராக்கெட்டாக பிஎஸ்எல்வி-சி6 கிளம்பியது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நேரில் வந்திருந்தார். எல்லோரும் பேசியது 1,560 கிலோ கார்ட்டோசாட்-1 பற்றி. கூடவே போன 42.5 கிலோ பெட்டிதான் ஹாம்சாட். பொழுதுபோக்காக வானொலியில் பேசும் உலக ஹாம் வானொலிக்காரர்களுக்கு இந்தியா கொடுத்த செயற்கைக்கோள்.

அதற்கு நான்கு மாதம் முன்பு, 2004 டிசம்பரில், ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அந்தமானுக்குரிய 'வியு4' அழைப்புக்குறி பல ஆண்டுகளாகக் காற்றில் கேட்காத அபூர்வம். அந்த ஒரு தொடர்புக்காக உலகெங்கும் ஹாம்கள் காத்திருந்தார்கள். 26-ஆம் தேதி காலை ஆறரை மணி வாக்கில் தரை ஆடியது, பின்னால் கடல் வந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன சிற்றலைக் கருவிகள், போன் செத்துக் கிடந்த தீவுகளிலிருந்து 'உயிரோடு இருக்கிறோம்' என்ற சேதியைக் கரைக்குக் கொண்டுவந்தன.

ஹாம்சாட் சுனாமிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் அதன் தேவையை அந்த டிசம்பரைவிடத் தெளிவாக எதுவும் சொல்லவில்லை என்பேன். சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பினால்தான் தூரம் போகும். அது நேரத்துக்கு நேரம் மாறும். ஹாம்சாட் கேட்டதோ 435 மெகாஹெர்ட்ஸில், பேசியது 145-இல். இந்த அலைகள் அயனி மண்டலத்தைத் துளைத்து நேரே செயற்கைக்கோளை எட்டிவிடும்.

உள்ளே, கேட்டதை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இஸ்ரோவின் துணையோடு இந்திய ஹாம்கள் செய்தது, மற்றது நெதர்லாந்தின் வில்லியம் லைடெக்கர்ஸ் செய்தது. துருவங்களை ஒட்டி, சுமார் 630 கிலோமீட்டர் உயரத்தில், 97 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அந்த உயரத்திலிருந்து சுற்றிலும் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் தெரியும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,370 கிலோமீட்டர்தான். வங்கக் கடலின் மேல் அது வரும்போது இரண்டு ஊரும் அதன் பார்வைக்குள்.

கையில் யாகி என்னும் திசை ஆன்டெனாவைக் கோளின் பக்கம் திருப்பிக்கொண்டே பேச வேண்டும். கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம். செயற்கைக்கோள் நெருங்கும்போது அலைவரிசை ஏறும், விலகும்போது இறங்கும். ஹாம்சாட்டின் டிரான்ஸ்பாண்டர் அலைவரிசையைத் தலைகீழாக்கி அனுப்பியதால் அந்த விலகல் ஓரளவு கழிந்துபோனது. பேசிக்கொண்டிருக்கும்போதே தன் குரல் விண்ணிலிருந்து திரும்புவதை ஹெட்போனில் கேட்கலாம். தன் குரல் மேலே போய்ச் சேர்ந்ததற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

பேரிடரில் இந்தப் பத்து நிமிடம் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கோபுரமும் கேபிளும் அறுந்த இடத்தில், ஒரு பேட்டரியோடு நாளுக்குச் சில முறை கரையோடு பேச முடிவது சின்ன விஷயமல்ல.

இரண்டு ஆண்டு ஆயுள் என்று கணித்தார்கள். ஒன்பது ஆண்டு ஓடியது. 2014 ஜூலையில் பேட்டரிக் கோளாறு அதன் பேச்சை நிறுத்தியது.

2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹெய்ல்-2 இன்று ஹாம்களுக்கான டிரான்ஸ்பாண்டரைச் சுமக்கிறது. அது புவிநிலைச் செயற்கைக்கோள். அந்தமானின் மேற்கு வானில், அடிவானத்திலிருந்து 14 பாகை உயரத்தில் நகராமல் நிற்கிறது. பத்து நிமிடக் கெடு இல்லை. அதில் பேசுவதற்காக, தீவின் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியராவது ஹாம் உரிமத் தேர்வை எழுதட்டும். பன்னிரண்டு வயதானால் மாணவர்களும் எழுதலாம். அடுத்த பேரலைக்கு முன் எழுதிவிடுங்கள்.