பாராட்டு விழாவுக்குப் பிறகு...

பொதுத்தேர்வு முடிவு வந்தால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் நம் தோழர்கள் பாராட்டு விழா எடுக்கிறார்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கும், பள்ளியில் மாணவர் தலைவராக இருந்த பிள்ளைக்கும் பொன்னாடை, கேடயம், அண்ணல் படம். இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

பம்பாயில் சிறுவன் பீமராவ் ஆங்கில நான்காம் வகுப்பில் தேறினான். தங்கள் சமூகத்தில் அந்த வகுப்பை எட்டிய முதல் பிள்ளை என்று மக்கள் விழா எடுக்க விரும்பினார்கள். பையனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று மறுத்தார் தந்தை ராம்ஜி. அவரைப் பேசி இசைய வைத்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். விழாவுக்குத் தலைமை ஏற்று, தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார்.

கேலுஸ்கர் அதோடு நிற்கவில்லை. பின்னாளில் கல்லூரிச் செலவுக்கு வழியில்லாதபோது பரோடா மன்னர் சாயாஜிராவிடம் பரிந்து பேசினார். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. 1913இல் அண்ணலைக் கொலம்பியாவுக்கு அனுப்பியதும் பரோடாவின் உதவித்தொகைதான்.

அண்ணல் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. மன்னரின் தயவாக இருந்தது அரசின் கடமையானது.

அந்த உரிமை இன்று சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என்று அலைகிறது. ஒன்று பிசகினாலும் பணம் வராது. தொழிற்பேட்டையில் ஷிப்டுக்கு ஓடும் பெற்றோர் எத்தனை நாள் விடுப்பு எடுப்பார்கள்?

தோழர்களே, மேடையில் கேடயம் கொடுப்பவர் அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்துக்கும் பொறுப்பேற்கட்டும். பணம் கணக்கில் ஏறும்வரை கூடவே நிற்கட்டும். ஜெய்பீம்!